சிலந்தியின் நிறம் குழப்பும்போது: கண்ணில் பட்டதை வைத்து இனம் காணும் வழிமுறை

கைபேசியில் ‘பழுப்புச் சிலந்தி’ என்று தேடினால் பிரவுன் ரெக்லூஸ் படம் வந்து நிற்கும். ‘கறுப்புச் சிலந்தி’ என்று தேடினால் அமெரிக்காவின் கறுப்பு விதவை. இரண்டும் விஷமுள்ள வட அமெரிக்கச் சிலந்திகள். பிரவுன் ரெக்லூஸ் வாழ்வது அமெரிக்காவின் மத்திய, தென் மாநிலங்களில். நம் குளியலறைச் சுவரில் அல்ல. ஆனால் படத்தைப் பார்த்தவர் பயந்துபோய் விளக்குமாற்றை எடுத்துவிடுகிறார். அப்படி அடிபட்டுச் சாகிறவற்றில் பெரும்பாலானவை கரப்பானையும் கொசுவையும் தின்று வாழ்பவை. அந்தச் சாவுகளில் சிலவாவது குறைய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு வீடு, தோட்டம், வயல் ஆகியவற்றில் அடிக்கடி தென்படுபவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இலங்கையிலும் இவற்றில் பல உண்டு. எந்தத் தலைப்பு நீங்கள் பார்த்ததோடு ஒத்துப்போகிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

நிறத்தைப் பார்க்கும் முன்

நிறம் நம்மை ஏமாற்றுவதற்குக் காரணங்கள் உண்டு. பல இனங்களில் ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறம். குஞ்சு ஒரு நிறம், வளர்ந்தது ஒரு நிறம். தோல் உரித்த கையோடு பார்த்தால் கறுப்புச் சிலந்தியும் வெளிறித் தெரியும். போட்டோவில் ஃப்ளாஷ் அடித்தால் பழுப்பு மஞ்சளாகிவிடும். ஆகவே முதலில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

வலை இருக்கிறதா? இருந்தால் வட்டமா, கூடாரமா, தாறுமாறாகப் பின்னியதா? அப்புறம், கால்களை எப்படி வைத்திருக்கிறது: நண்டு மாதிரி பக்கவாட்டில் விரித்தா, இரண்டிரண்டாகச் சேர்த்தா, உடம்போடு ஒடுக்கியா? மூன்றாவது, காலை விட்டுவிட்டு உடம்பு மட்டும் எவ்வளவு நீளம்? பயத்தில் எல்லோரும் கால்களையும் சேர்த்துத்தான் அளக்கிறார்கள். 1 சென்டிமீட்டர் உடம்புள்ள சிலந்தி ‘கை அகலம்’ ஆகிவிடுவது அதனால்தான்.

படம் எடுக்க முடிந்தால் மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, வயிற்றின் அடிப்பக்கம் ஒன்று. வலையில் இருக்கும் சிலந்தி என்றால் வலைக்கு மறுபக்கம் போனாலே அடிப்பக்கம் தெரியும். சுவரில் இருப்பதைக் கண்ணாடி டம்ளரால் மூடி, கீழே ஒரு கெட்டி அட்டையை நுழைத்துத் தூக்கினால் கண்ணாடி வழியாக எல்லாப் பக்கமும் பார்க்கலாம்.

“ராத்திரி பாத்ரூம் சுவரில், கையளவு, பழுப்பு நிறம், மின்னல் வேகத்தில் ஓடுகிறது”

அதிகம் பேரைக் கத்தவைக்கும் சிலந்தி இதுதான். ஹெட்டிரோபோடா வெனடோரியா, வேட்டைச் சிலந்தி என்று சொல்லலாம். வலை பின்னாது. உடம்பு தட்டை, சுமார் 2.2 முதல் 2.8 சென்டிமீட்டர் நீளம். கால்களை விரித்தால் 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை போகும். கால்கள் நண்டைப் போலப் பக்கவாட்டில் மடிந்திருப்பதால் கதவிடுக்கிலும் காலண்டருக்குப் பின்னாலும் ஒட்டிக்கொள்ள முடிகிறது.

உறுதி செய்துகொள்ள முகத்தைப் பாருங்கள். கண்களுக்குக் கீழே குறுக்கே ஒரு வெளிர் மஞ்சள் பட்டை ஓடும். ஆண் என்றால் உடம்பு சற்றுச் சிறியது, கால்கள் இன்னும் நீளம், முதுகில் நெடுக்காக ஒரு கருமையான தடம் இருக்கும். ஒரே வீட்டில் இரண்டையும் பார்த்தவர்கள் இரண்டு வேறு இனம் என்று நினைத்துக்கொள்வது வழக்கம்.

வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக, தட்டையாக, வட்டமாக எதையாவது தூக்கிக்கொண்டு போகிறதா? அது முட்டைப்பை. உள்ளே இருநூறுக்கு மேல் முட்டைகள் இருக்கலாம். அந்த நிலையில் அது அடிக்கடி வேட்டைக்குப் போகாமல் ஒதுங்கியே இருக்கும். வெளியே விட விரும்பினால் அப்போதே டம்ளர் போட்டு எடுத்துத் தோட்டத்தில் விட்டுவிடுங்கள். குஞ்சு பொரித்த பிறகு அது நடக்காத காரியம்.

இதன் முக்கிய உணவு கரப்பான். கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கும், வலிக்கும், பிறகு வலி தணிந்துவிடும். உயிருக்கு ஆபத்தான விஷம் கிடையாது. மருந்தடித்துக் கரப்பானை ஒழிக்கும் வீட்டில் மருந்தைத் தின்ற கரப்பானைத் தின்று இதுவும் சாகும். அப்புறம் கரப்பான்தான் முதலில் திரும்பி வருகிறது.

பொருந்தவில்லையா? உடம்பு இன்னும் தட்டையாக, சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக, காலில் பட்டைகளோடு, கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது என்றால் செலினோப்ஸ் வகையாக இருக்கலாம். உடம்பு முழுக்க அடர்ந்த ரோமம், தடித்த கால்கள், மெதுவான நடை என்றால் அது டாரன்டுலாவாக இருக்கலாம்; கீழே ‘மரப்பொந்தில்’ என்று தொடங்கும் பகுதிக்குப் போங்கள்.

“உத்தர மூலையில், நூல் மாதிரி கால்கள், தொட்டால் ஆடுகிறது”

ஒட்டடை அடிக்கும்போது முதலில் கண்ணில் படுவது. குட்டி உடம்பு, அதைவிடப் பல மடங்கு நீளமான கால்கள், தாறுமாறான வலையில் தலைகீழாகத் தொங்கும். ஊதினாலோ குச்சியால் தொட்டாலோ உருவமே தெரியாத வேகத்தில் உடம்பைச் சுழற்றி ஆட்டும். எதிரிக்குக் குறி தவற வேண்டும் என்பதற்கான தந்திரம் அது.

நம் வீடுகளில் மிகச் சாதாரணமானது கிராசோப்ரைசா லையோனி. சாம்பல் நிற வயிறு, பக்கத்திலிருந்து பார்த்தால் மேல்நோக்கிக் கூம்பாக முடியும். காலெங்கும் சிறு கரும்புள்ளிகள். வயிறு உருண்டையாக, ஆளும் பெரிதாக இருந்தால் ஆர்டிமா அட்லாண்டா. வயிறு நீள உருளையாக, வெளிர் நிறமாக இருந்தால் ஃபோல்கஸ் வகை. பெண் தன் முட்டைகளை ஓரிரு இழைகளால் மட்டும் கட்டி வாயிலேயே கவ்விக்கொண்டிருக்கும். முட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே தெரியும்.

உலகத்திலேயே கொடிய விஷம் இதற்குத்தான், பல் சிறியது என்பதால் மனிதரைக் கடிக்க முடிவதில்லை என்றொரு கதை பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் எதுவுமில்லை. மூலையில் கிடக்கும் அந்த வலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: கொசு, ஈ, எறும்பு என்று உலர்ந்த உடல்கள் தொங்கும்.

குழப்பம் வரக்கூடிய ஓர் இடம்: வலை படுக்கை வாட்டத்தில் வட்டமாக இருந்து, கால்களில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இருந்தால் அது சோசிஸ் ஜெனிகுலாட்டா. அதன் குடும்பத்துக்கு விஷச் சுரப்பியே கிடையாது; இரையை நூலால் இறுகச் சுற்றியே கொல்கிறது.

“சின்னது, கறுப்பு வெள்ளைக் கோடு, நம்மையே திரும்பிப் பார்க்கிறது”

திரும்பிப் பார்க்கிறது என்றாலே பாதி வேலை முடிந்தது. குதிக்கும் சிலந்திகளுக்கு முகத்தின் முன்னால் நான்கு கண்கள் வரிசையாக இருக்கும். நடு இரண்டும் பெரியவை. விரலைக் காட்டினால் தலையை உயர்த்திப் பார்ப்பது இந்தக் குடும்பம் மட்டுமே. வீட்டுக்குள் எனக்கு மிகவும் பிடித்த சிலந்திகளும் இவைதான்.

இங்கே நிறமும் கோடும் நன்றாகவே உதவும், ஆண் பெண் வேறுபாட்டை மறக்காமல் இருந்தால். பிளெக்ஸிப்பஸ் பேகுல்லியின் ஆண் கறுப்பு. நடுவில் தலையிலிருந்து வயிறு வரை அகலமான வெள்ளைக் கோடு, வயிற்றின் பின்பகுதியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். பெண் சாம்பல் கலந்த பழுப்பு, நடுவில் மங்கலான வெளிர்பட்டை. ஆனால் அதே இரண்டு புள்ளிகள் அவளுக்கும் உண்டு. நீளம் 9 முதல் 12 மில்லிமீட்டர். ட்யூப்லைட் பக்கத்தில் பூச்சிக்குக் காத்திருப்பதைப் பார்க்கலாம்.

வெளிச்சுவரில், மதில் மேல், வெயிலில் திரியும் சாம்பல் நிறத் தட்டைச் சிலந்தி என்றால் மெனிமெரஸ் பைவிட்டேட்டஸ். பெண்ணுக்கு உடம்பின் இரு ஓரத்திலும் கறுப்புக் கோடு. ஆணுக்கு நடு முதுகில் ஒரே கருங்கோடு. கறுப்பு உடம்பில் கோடு இல்லாமல் வெள்ளைப் பிறை இருந்து, முன்னால் நீட்டிய குறுங்கைகளும் (வாயருகே குட்டிக் கால்கள் போலிருக்கும் உறுப்புகள்) வெள்ளையாக இருந்தால் ஹசாரியஸ் அடான்சோனியின் ஆண்.

வெளிர் மஞ்சள் வயிற்றில் நெடுக்காக இரண்டு சிவப்புக் கோடுகளா? டெலமோனியா டிமிடியாட்டா என்ற சிலந்தியின் பெண். செடிகளில் வாழ்வது, அழகானது, தீங்கற்றது. பாவம், இதன் பெயரில் ஒரு பொய் உலகம் சுற்றியது. கழிப்பறை இருக்கைக்கு அடியில் ஒளிந்திருந்து கடித்துக் கொல்லும் சிலந்தி என்று 1999-ல் ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. அதில் இருந்தது இல்லாத ஒரு சிலந்தியின் கற்பனைப் பெயர். 2002 வாக்கில் அதே கதையில் இந்தச் சிலந்தியின் பெயரைச் செருகிவிட்டார்கள். இன்றும் வாட்ஸ்அப்பில் வந்தால் அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.

“எறும்பு மாதிரி இருக்கிறது, ஆனால் நூலில் தொங்கியது”

எறும்பு நூலில் தொங்காது. மாமரத்திலும் கொய்யாவிலும் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் சிவந்த முசுறு எறும்பை அப்படியே நகலெடுத்த சிலந்தி மிர்மாபிளாட்டா பிளாட்டலியாய்டிஸ். எண்ணிப் பாருங்கள்: எட்டுக் கால். முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டுவதால் ஆறு என்று தோன்றும். தலையின் இருபுறமும் உள்ள கரும்புள்ளிகள் எறும்பின் கண்ணைப் போலக் காட்டும். ஆணுக்குத் தாடை மிக நீளமாக முன்னால் நீண்டிருப்பதால், இன்னொரு எறும்பைச் சுமந்து போகும் எறும்பு போலிருக்கும். முசுறு கடிக்கும் என்பதால் பறவைகள் அதைத் தொடுவது குறைவு; இந்தச் சிலந்தி அந்தப் பயத்தின் நிழலில் வாழ்கிறது. ஆனால் அசல் முசுறிடம் சிக்கினால் அதுவே இரையாகிவிடும், அதனால் எப்போதும் சற்று விலகியே நடக்கும்.

“தோட்டத்து வலையின் நடுவே, பளிச்சென்று மஞ்சள்”

மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தாலே விஷம் என்று முடிவு கட்ட வேண்டாம். வட்ட வலைக்காரர்களில் மனிதருக்கு ஆபத்தானது நம் பக்கம் எதுவும் இல்லை.

கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி வடிவில் உட்கார்ந்து, வலையிலும் தடித்த வெள்ளை நெளிகோடுகள் போட்டிருந்தால் ஆர்ஜியோபி. மஞ்சள், பழுப்பு, வெள்ளிப் பட்டைகள் குறுக்கே ஓடும். ஆர்ஜியோபி அனசுஜா வேலியோரச் செடிகளில் மிகச் சாதாரணம். இந்த நெளிகோடு எதற்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை: பூச்சியை ஈர்க்க என்கிறார்கள், பறவை மோதாமலிருக்க என்கிறார்கள். வலையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மங்கலான குட்டிச் சிலந்தி அநேகமாக ஆண்.

அதைவிடப் பெரியதா? வெயில் பட்டால் நூலே பொன்னிறமாக மின்னுகிறதா? நெஃபிலா பைலிபிஸ். பெண்ணின் உடம்பு மட்டும் 3 முதல் 5 சென்டிமீட்டர். கறுப்பில் மஞ்சள் கோடுகள். ஆண் 5, 6 மில்லிமீட்டர்தான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் மழைக்குப் பின் பாதையின் குறுக்கே தலை உயரத்தில் வலை கட்டியிருக்கும். அதே வாகில், ஆனால் கால்கள் சிவந்திருந்தால் நெஃபிலா குஹ்லி. கறுப்பும் சிவப்பும் இருப்பதால் இதைக் கறுப்பு விதவை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வட்ட வலையைப் பார்த்தாலே அது இல்லை என்று தெரிந்துவிடும். விதவைகள் வட்ட வலை பின்னுவதில்லை.

ஓடு போன்ற கெட்டியான வயிறு, ஓரத்தில் ஆறு முட்கள், குறுக்கே வெளிர் நிறமும் அடர் நிறமுமாகப் பட்டைகள்: கேஸ்டரகாந்தா ஜெமினாட்டா. வலையின் நடுவில் நெடுக்காகக் குப்பை வரிசை மட்டும் தெரிந்து சிலந்தியைக் காணோம் என்றால் சைக்ளோசா. அந்தக் குப்பைக்குள்தான் அது உட்கார்ந்திருக்கிறது. முள்வேலியில் இலையும் தூசியும் சேர்ந்த அழுக்குப் பந்து போன்ற கூடு, உள்ளே ஏராளமான சிலந்திகள் என்றால் ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம். கூட்டமாக வாழ்ந்து சேர்ந்தே வேட்டையாடும் சிலந்தி இது. நம் வறண்ட நிலங்களுக்குப் பழகியது.

“நேற்று வெள்ளை, இன்று மஞ்சள்” / “முழுப்பச்சை”

பூவின் மேல் அசையாமல், முன்னங்கால் நான்கையும் அகல விரித்து இருந்தால் நண்டுச் சிலந்தி, தோமிசஸ் வகை. வெள்ளையும் மஞ்சளுமாகச் சில நாட்களில் நிறம் மாற்றக்கூடியவை இதில் உண்டு. ஆகவே நிறத்தை வைத்து இனத்தை முடிவு செய்யவே கூடாது. பூவில் ஒரு தேனீ வெகுநேரம் அசையாமல் இருந்தால் அதற்கு அடியில் பாருங்கள்.

இலை நிறத்தில் பளிச்சென்ற பச்சை, காலெல்லாம் மெல்லிய கறுப்பு முட்கள் என்றால் பியூசீட்டியா. பருத்தி, ஆமணக்கு போன்ற செடிகளில் பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும்.

“வயல் வரப்பில், தரையில் ஓடுகிறது, முதுகில் ஏதோ மொய்க்கிறது”

மொய்ப்பவை குஞ்சுகள். இது ஓநாய்ச் சிலந்தி. பழுப்பு அல்லது சாம்பல் உடம்பு. தலைப்பகுதியில் வெளிர் நிறப் பட்டை. முட்டைப்பையைப் பின்பக்கம் ஒட்டி இழுத்துக்கொண்டு போகும் (வேட்டைச் சிலந்தி வயிற்றுக்கு அடியில் வைத்திருக்கும், இந்த வேறுபாடு நம்பகமானது). இரவில் டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வயலைப் பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாகப் புள்ளிகள் மின்னும். அத்தனையும் இவற்றின் கண்கள்.

நெல் போடுகிறவர்கள் பார்டோசா சூடோஅனுலேட்டாவைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தலைப்பகுதியில் கவட்டை வடிவ வெளிர் குறி அதன் அடையாளம். ஒரு சிலந்தி நாளுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை பிடிக்கும். புகையானும் தத்துப்பூச்சியும் அதில் அடக்கம். புகையானைக் கண்டவுடன் கண்ணில் பட்ட மருந்தையெல்லாம் அடித்தால் முதலில் காலியாவது இந்தச் சிலந்திதான். புகையான் முட்டை நெற்பயிரின் இலையுறைக்குள் இருப்பதால் தப்பிவிடும். பொரித்து வெளியே வரும்போது பிடிக்க ஆளில்லை. மருந்து அடித்த வயலில் புகையான் முன்பைவிட அதிகமாகத் திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தூர்களுக்கிடையே நிறையச் சிலந்தி தெரிந்தால் மருந்தைத் தள்ளிப்போட்டு வேளாண் அலுவலரிடம் காட்டிக் கேளுங்கள்.

“பளபளப்பான உருண்டை வயிறு, சிவப்போ ஆரஞ்சோ தெரிகிறது”

இங்கே மட்டும் கை வைக்காமல் பாருங்கள். விதவைச் சிலந்திகளின் பேரினமான (நெருங்கிய இனங்களின் தொகுதி) லாட்ரோடெக்டஸ் இந்தியாவிலும் உண்டு. பழுப்பு விதவை எனப்படும் லாட்ரோடெக்டஸ் ஜியோமெட்ரிகஸும் பதிவாகியிருக்கிறது. அடிக்கடி காணக்கூடியவை அல்ல, ஆனால் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை.

சரிபார்க்கும் வரிசை இது. வலை தாறுமாறாக, இழை உறுதியாக, தரைக்கு அருகில் இருக்கிறதா: பூந்தொட்டி அடி, பிளாஸ்டிக் நாற்காலியின் கீழ்ப்பகுதி, அடுக்கிய செங்கல்? சிலந்தி தலைகீழாகத் தொங்கும்போது வயிற்றின் அடியில் மணற்கடிகார வடிவில் சிவப்பு அல்லது ஆரஞ்சுக் குறி தெரிகிறதா? பழுப்பு விதவை என்றால் கால்களில் பட்டை இருக்கும். வலையில் தொங்கும் முட்டைப்பை உருண்டையாக, சுற்றிலும் சிறு சிறு கூர்முனைகளோடு இருக்கும். வேறு எந்த அடையாளத்தையும்விட இந்த முட்டைப்பையை நான் நம்புவேன்.

மூன்றும் பொருந்தினால் படம் எடுத்துவிட்டு விலகுங்கள். கடித்துவிட்டால் கடிவாயில் தொடங்கும் வலி பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, வயிற்றிலோ முதுகிலோ தசை இழுத்துப் பிடிப்பது ஆகியவை அறிகுறிகள். இறுக்கிக் கட்டுவது, கீறி உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள், குழந்தை என்றால் உடனடியாக.

“மரப்பொந்தில், ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தி”

பொசிலோத்தீரியா என்னும் மர டாரன்டுலாவாக இருக்கலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பேரினம். சாம்பல் உடம்பு, வயிற்றின் மேல் கரிய விளிம்போடு இலை வடிவில் வெளிர் கோலம், கால்களிலும் பட்டைகள். பல இனங்களில், மிரண்டு முன்னங்காலைத் தூக்கினால் உள்பக்கம் மஞ்சள் தெரியும். அது எச்சரிக்கை, அதற்கு மேல் நெருங்க வேண்டாம். கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் நாள்கணக்கில் நீடிக்கலாம், மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

ஆனாலும் இவற்றைக் கொல்லாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ராமேஸ்வரம் தீவில் 2004-ல் விவரிக்கப்பட்ட பொசிலோத்தீரியா ஹனுமவிலாசுமிகா மிக அருகிய நிலையில் இருக்கிறது; புளியும் தென்னையும் வெட்டப்படும்போது அதன் வீடும் போய்விடுகிறது. உடம்பே நீலமாக ஒளிரும் பொசிலோத்தீரியா மெட்டாலிகா, ஆந்திராவின் கூட்டியில் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்து 1899-ல் விவரிக்கப்பட்டது. அதுவும் மிக அருகியதே. வளர்ப்புக்காகப் பிடித்து விற்பவர்களால் வந்த அழுத்தத்தால் 2019-ல் இந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கண்டால் இடத்தைப் பொதுவெளியில் எழுதாமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

“சிலந்தியைப் பார்க்கவில்லை, காலையில் எழுந்தால் கொப்புளம்”

‘எட்டுக்கால் பூச்சி ஊர்ந்திருக்கும், மூத்திரம் பெய்திருக்கும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். சிலந்தி ஊர்வதால் கொப்புளம் வராது. வேறு இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள்.

கோடு இழுத்தது போலச் சிவந்து எரிகிறதா, கழுத்திலோ முழங்கை மடிப்பிலோ ஒரு பக்கத் தடம் மறுபக்கமும் அச்செடுத்தது போல இருக்கிறதா? மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பேடரஸ் என்ற வண்டின் வேலை அது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம், ஆரஞ்சும் கறுப்புமாக மாறி மாறி இருக்கும். அது கடிக்காது, தோலில் வைத்து நசுக்கினால் வெளிவரும் நஞ்சுதான் எரிக்கிறது. எரிச்சல் மறுநாள்தான் தெரியவரும் என்பதால் காரணம் பிடிபடுவதில்லை. உடம்பில் உட்கார்ந்தால் தட்டாமல் ஊதி விடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

கொப்புளங்கள் கூட்டமாக, உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக, வலியோடு வந்தால் அக்கி. காவி பூசி அக்கி எழுதிக்கொள்வது நம் ஊர் வழக்கம், ஆனால் அதற்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரை இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கண்ணுக்கு அருகில் வந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.